பியானோவோடு பாடியது வேறு, ஆர்கெஸ்ட்ராவோடு பாடியது வேறு

பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) பாடுபவர்:

இங்கிலாந்தில் பல ஊர்களில் கோரல் சொசைட்டி என்று ஒன்று இருக்கும், பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள் வாரத்தில் ஒரு சாயங்காலம் கூடிப் பாடுவார்கள். ஹடர்ஸ்ஃபீல்டில் 1836இல் தொடங்கியது இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. நான் சேர்ந்தது அப்படிப் பேர்போன குழு இல்லை. டிசம்பர் கச்சேரிக்கு ஹேண்டல் இசையமைத்த மேசியா, இயேசுவைப் பற்றி மூன்று பாகமாகப் போகும் பெரிய பாட்டுத் தொகுப்பு, அல்லேலூயா அதில்தான் வருகிறது. பாளையங்கோட்டை சர்ச் கொயரில் டோனிக் சோல்ஃபா (டோ, ரே, மீ என்று சுரங்களை எழுத்தில் எழுதும் முறை) பார்த்து அல்லேலூயா பாடி வளர்ந்தவன் என்பதால் பாட்டு பழக்கம்தான், ஐந்து கோட்டு நோட்டேஷன்தான் கொஞ்சம் படுத்தியது.

செப்டம்பரிலிருந்து ஒத்திகை எல்லாம் பியானோவோடுதான். ஆர்கெஸ்ட்ரா வருவது கச்சேரி அன்றைக்கு மதியம். காரணம் காசு. அவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள், எங்கள் சந்தாவும் டிக்கெட் வசூலும் ஒரே ஒரு ஒத்திகைக்குத்தான் தாங்கும், அதுவும் மூன்று மணி நேரம், நடுவில் டீ. அதற்குள் முழுவதையும் பாடிப் பார்க்க முடியுமா? குச்சி அசைத்து எல்லாரையும் நடத்தும் கண்டக்டர் ஆரம்பம், முடிவு, வேகம் மாறும் இடங்களை மட்டும் தொட்டுக்கொண்டு ஓடினார்.

பியானோ வாசிக்கிறவர் நம் ஆள். பேஸ் தடுமாறினால் பேஸ் சுரத்தைக் கொஞ்சம் அழுத்தித் தட்டிக் கைகொடுப்பார், நாமும் அதிலேயே சாய்ந்து பழகிவிடுவோம். ஆர்கெஸ்ட்ரா வந்ததும் அது போச்சு. வயலின் சத்தமெல்லாம் கூட்டத்தை நோக்கிப் போகிறது, பின்னால் நிற்கும் எங்கள் காதில் விழுவது ட்ரம்பெட்டும் டிம்பனி என்கிற பெரிய முரசும்தான், அதுவும் அவை வாசிக்கிற இடங்களில். காதை நம்பிப் பாடினால் பின்தங்கிவிடுவோம், கண்டக்டரின் குச்சியைப் பார்த்தே பாட வேண்டும்.

அதிகம் பயந்தது ‘நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்’ கோரஸுக்கு. அந்த மெட்டை ஹேண்டல் முதலில் போட்டது இரண்டு சோப்ரானோக்கள் (மேல்குரல் பாடுகிறவர்கள்) பாடும் ஓர் இத்தாலிய டூயட்டுக்கு, குருட்டுக் காதலே உன்னை நம்பமாட்டேன் என்கிற பாட்டு! ரெண்டே பேர் லேசாக ஓடவிடும் சுரங்களை ஒரு கூட்டமே சேர்ந்து ஓட வேண்டியிருக்கிறது, அதிலும் பேஸ் குரலுக்குத் தொண்டையே கழன்றுவிடும். கச்சேரியில் ஒத்திகையைவிட வேகமாகத்தான் போனது, ஆனால் மூச்சை எங்கே திருடுவது என்று பக்கத்தில் நின்ற பெரியவரோடு முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன், அவர் பாட்டை விட்டு மூச்செடுக்கும்போது நான் பிடிப்பேன்.

அல்லேலூயாவில் கடைசி வரிக்கு முன்னால் எல்லாரும் சட்டென்று நிறுத்தும் ஓர் இடம் உண்டு. ஒத்திகைகளில் யாராவது ஒருவர் அதற்குள் குதித்துவிடுவார். அன்றைக்கு யாரும் குதிக்கவில்லை. டெனர்கள் (ஆண்களில் மேல்குரல் பாடுகிறவர்கள்) சிலர் கண்ணை மூடிக்கொண்டே நின்றதாகக் கேள்வி.

ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடுபவர்:

உங்களுக்கு டெனர்கள் வாய்த்தார்களே, அதிர்ஷ்டம்தான்! எங்கள் குழுவில் டெனர் பஞ்சம், ஆல்டோவிலிருந்து ஆளைப் பிடித்து அங்கே தள்ளிவிடுவார்கள். அப்புறம் அந்த அல்லேலூயாவுக்கு எழுந்து நிற்கும் வழக்கம். இரண்டாம் ஜார்ஜ் மன்னர் எழுந்து நின்றார் என்பார்கள், அந்தக் காலத்துச் சான்று எதுவும் கிடையாது, இருந்தாலும் கூட்டம் எழுந்துவிடுகிறது. எங்கள் கச்சேரியில் அது முடிந்ததும் சிலர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியேவிட்டார்கள், மூன்றாம் பாகம் மொத்தமும் பாக்கி இருக்கிறது. நாற்காலிச் சத்தம் அடங்கும்வரை அடுத்த சோலோ பாட வேண்டிய சோப்ரானோ சிரித்த முகமாகவே நின்றுகொண்டிருந்தார், பாவம்.

இன்னொரு ஆல்டோ:

டிம்பனிக்காரரை யாருமே சொல்லவில்லையே. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் கச்சேரியில் அவருக்கு அல்லேலூயாவும் கடைசி கோரஸும்தான் வேலை. மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே சம்பளம்தான் இவருக்கும் என்று எங்கள் பொருளாளர் வருடா வருடம் புலம்புவார்.