புதுப்பிப்பு: ஆன்டிலோப் கேன்யன் போய் வந்தாச்சு

வழிகாட்டி இல்லாமல் ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்குக்குள் போக முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடியாது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பேஜ் ஊருக்குப் பக்கத்தில் இருந்தாலும் அது நவஹோ பழங்குடி மக்களின் நிலம். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுகிறார்கள்.

இதைக் காசு பிடுங்கும் வேலை என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதைத் திரும்பப் பெறுகிறேன். முதல் நாள் தலைக்கு மேல் ஒரு மேகம்கூட இல்லை, ஆனாலும் ரத்து செய்துவிட்டார்கள். எங்கோ பல மைல் தள்ளி மழையாம். 1997 ஆகஸ்டில் இப்படித் தூரத்து மழையில் வந்த வெள்ளம்தான் இந்தக் கேன்யனின் கீழ்ப் பகுதியில் (லோயர் ஆன்டிலோப்) 11 பேரைக் கொண்டுபோனது.

மறுநாள் அந்தக் கீழ்ப் பகுதிக்குள்ளேயே இறங்கினோம். இரும்பு ஏணிகளைப் பற்றிச் சொன்னதும் முழங்கால் வலிக்காரரான அப்பா அலுவலக நிழலிலேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே சில இடங்களில் தோளைத் திருப்பித்தான் நடக்க வேண்டும். பாறை கண்ணுக்கு வழுவழு, கை வைத்தால் உப்புத்தாள். சட்டையெல்லாம் செம்மண் பொடி. ஓரிடத்தில் வழிகாட்டி டார்ச்சை மேலே அடித்தார். எங்கள் தலைக்கு வெகு உயரத்தில், இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஒரு மரக்கட்டை சிக்கிக் கிடந்தது. வெள்ளம் வைத்துவிட்டுப் போனதாம். அப்புறம் யாரும் பேசவில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று: கோடையில் நவஹோ நேரம் அரிசோனா நேரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடும். எங்கள் போன் அதைக் காட்ட, ஒரு மணி நேரம் முன்பே போய் வெயிலில் காய்ந்தோம். பேஜிலும் இந்தக் கேன்யன் சுற்றுலாவுக்கும் அரிசோனா நேரம்தான். பையும் அனுமதி இல்லை, தண்ணீர் பாட்டில் போதும்.