1969 போனவில்: பாயின்ட்டைக் கைவிடலாமா?

வணக்கம். கவென்ட்ரியில் இருக்கிறேன். வண்டி 1969 ட்ரையம்ப் போனவில் டி120 பைக், 649 சிசி, பக்கத்து மெரிடனில் தயாரானது. எஞ்சின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் இன்றும் ஒன்றுதான்.

மே மாதத்திலிருந்து ஒரே தொல்லை. காலையில் இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆகிறது. இருபது மைல் ஓடிச் சூடானதும் மிஸ்ஸிங் அடிக்கிறது, சிக்னலில் அணைந்துவிடுகிறது. கால் மணி நேரம் ஆறவிட்டால் சரியாகிவிடும்.

பாயின்ட் (தீப்பொறி வர வேண்டிய நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை), கன்டென்சர், பிளக் எல்லாம் புதிது. இரண்டு அமால் கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்தேன். டைமிங்கை ஸ்ட்ரோப் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டேன். டேங்க் மூடியின் காற்றுத் துளையிலும் அடைப்பில்லை. பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில்கள் இரண்டும்தான் பழையவை.

மெக்கானிக் பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடச் சொல்கிறார். பாயின்ட் மூடிக்குள்ளேயே அடங்கிவிடும், வெளியே தெரியாது. ஆனாலும் மனசு வரவில்லை. அந்த மூடியின் உட்புறத்தில் முன்பு வைத்திருந்தவர் பாயின்ட் இடைவெளியை, 0.015 அங்குலம் என்று, ஆணியால் கீறி வைத்திருக்கிறார்.

பாயின்ட்டை அப்படியே விட்டு, காயிலை மட்டும் மாற்றி யாருக்காவது இந்தக் கோளாறு தீர்ந்திருக்கிறதா?