ஷோரூமில் பேரம்: உண்மையில் விலை குறைகிறதா, குறைந்த மாதிரி காட்டுகிறார்களா?

பின்சீட்டுக்காரன்:
போன வாரம் புது கார் புக் செய்தேன். மூன்று தடவை ஷோரூமுக்கு நடந்தேன், இரண்டு தடவை "சரிப்படாதுங்க" என்று எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன், இரண்டு தடவையும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். கேட்ட தள்ளுபடி கிடைத்தது. என் தம்பி இதே மாடலை வாயே திறக்காமல் சொன்ன விலைக்கு எடுத்துவிட்டு வந்தான். கூச்சப்படாமல் பேசுங்கள், எழுந்து போகத் தயாராக இருங்கள், மாதக் கடைசியில் போங்கள். இதற்கு மேல் இதில் ஒரு வித்தையும் இல்லை.

பழைய_சேல்ஸ்:
ஒன்பது வருடம் அந்த மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் சார். வாசல் வரை போகிறவர்களைத் தினமும் நாலு பேர் பார்ப்போம். பின்னால் ஓடி வருவதும் எங்கள் வேலைதான். புது வண்டியின் விலையில் ஷோரூமுக்கு நிற்கும் லாபம் நீங்கள் நினைப்பதை விடக் குறைவு. அதில் கொஞ்சம் விட்டுக் கொடுத்துவிட்டு கடன், இன்சூரன்ஸ், கூடுதல் வாரண்டி, ஆக்சசரீஸ், பெயின்டுக்கு மேல் ஒரு பூச்சு, வண்டிக்கு அடியில் இன்னொரு பூச்சு என்று திருப்பி எடுத்துவிடுவார்கள். உங்கள் பில்லில் மொத்தம் எத்தனை வரி இருக்கிறது, எண்ணிப் பார்த்தீர்களா?

பின்சீட்டுக்காரன்:
இன்சூரன்ஸ் அவர்களிடமே எடுத்தேன், கட்டாயம் என்றார்களே!

பழைய_சேல்ஸ்:
இன்சூரன்ஸ் கட்டாயம். ஷோரூம் காட்டுகிற பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்பது வேறு விஷயம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்பவருக்கு ஒன்றாகத்தான் காதில் விழும். நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. அதே வசதிகள் உள்ள பாலிசிக்கு வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுக் கொண்டு வந்து காட்டுங்கள், அரை மணி நேரத்தில் ஷோரூம் விலையும் இறங்கும்.

மின்மினி:
இதைப் படிக்கும்போதே தலை சுற்றுகிறது. ஒரு பொருளை வாங்க இத்தனை நாடகம் எதற்கு? ஜெனரல் மோட்டார்ஸின் சாட்டர்ன் கார்கள் 1990இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது பேரமே கிடையாது, ஒட்டியிருக்கும் விலைதான் விலை. இப்போது டெஸ்லாவும் டீலர் இல்லாமல் நேரடியாக ஒரே விலைக்கு விற்கிறது. பேரம் என்றால் கூச்சல் போடத் தெரிந்தவனுக்கு ஒரு விலை, தெரியாதவனுக்கு ஒரு விலை என்றுதானே அர்த்தம்? இயன் ஏர்ஸ், பீட்டர் சீகல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிகாகோ பகுதி ஷோரூம்களுக்கு ஒரே மாதிரி பேரம் பேசப் பயிற்சி கொடுத்த ஆட்களை அனுப்பிப் பார்த்தார்கள். 1995இல் அந்த ஆய்வு வெளிவந்தது. வெள்ளையின ஆண்களுக்குச் சொன்னதை விடக் கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் கூடுதல் விலை சொல்லியிருந்தார்கள். பேசிய பேச்சு ஒன்று, விலை வேறு! என் கதையையும் சொல்கிறேன்: கேள்வி கேட்டது நான், பணம் என்னுடையது, பதில் முழுக்க என் கணவரைப் பார்த்து. அவருக்கு ஓட்டவே தெரியாது.

பின்சீட்டுக்காரன்:
அந்த சாட்டர்ன் 2010லேயே மூடியாகிவிட்டது மேடம். பேரம் இல்லாத கடை ஓடாது என்பதற்கு அதுவே சாட்சி.

மின்மினி:
2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி, அந்தக் களையெடுப்பில் அவர்களுடைய மற்ற பிராண்டுகளான பான்டியாக், ஹம்மர் எல்லாம் போன மாதிரிதான் சாட்டர்னும் போனது. பான்டியாக்கில் பேரம் பேசித்தானே வாங்கினார்கள், அது ஏன் ஓடவில்லை?

கூட்டல்கழித்தல்:
சாட்டர்னை விடுங்கள். "மாதம் எவ்வளவு கட்டினால் உங்களுக்கு வசதி?" என்று கேட்டார்களா? அதற்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் பேரம் அங்கேயே முடிந்தது. ஐந்து வருடக் கடனை ஏழு வருடமாக இழுத்தால் எந்த வண்டியையும் அந்தத் தவணைக்குள் அடக்கிவிடலாம், கூடுதல் வட்டியை யார் கட்டுவது? அடுத்தது ஃபிளாட் வட்டி. ஐந்து வருடக் கடனுக்கு 7 சதவீதம் ஃபிளாட் என்றால் கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும். நீங்கள் மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு அசலுக்கும் போட்டிருப்பார்கள். குறைகிற அசலுக்கு வட்டி போடும் முறையில் கணக்குப் பார்த்தால் அது சுமார் 12.5 சதவீதம். வங்கிக்காரர் 10 சதவீதம் என்று சொன்னதும் "ஐயோ, இது அதிகம்" என்று ஷோரூம் கடனுக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

பின்சீட்டுக்காரன்:
நான் கடனே வாங்கவில்லை, முழுப் பணமும் கையில் இருக்கிறது. முதல் நாளே அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தேன்.

பழைய_சேல்ஸ்:
அதுதான் சார் தப்பு. கடன் பிடித்துக் கொடுத்தால் ஷோரூமுக்குக் கமிஷன் உண்டு, உங்களிடம் அது கிடைக்காது என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் எந்த தைரியத்தில் வண்டி விலையைக் குறைப்பார்கள்?

மின்மினி:
அப்போது பொய் சொல்லச் சொல்கிறீர்கள்.

பழைய_சேல்ஸ்:
"பணம் கட்டுவதை அப்புறம் பேசலாம், முதலில் விலையைச் சொல்லுங்கள்" என்பது பொய்யா?

ஒன்று மட்டும் பின்சீட்டுக்காரன் சொன்னது சரி, மாதக் கடைசி. காலாண்டுக் கடைசி அதை விட நல்லது. இத்தனை வண்டி விற்றால் இத்தனை ஊக்கத்தொகை என்று கம்பெனி டீலருக்கு இலக்கு வைத்திருக்கும். இலக்குக்கு ஒரு வண்டி குறைகிறது என்றால் அந்த ஒன்றை நஷ்டத்துக்குக் கூடத் தள்ளிவிடுவார்கள். ஆனால் அந்த ஒன்று உங்கள் வண்டியாக இருக்க வேண்டுமே! நாள்பட்டு யார்டில் நிற்கும் வண்டிக்கும் நல்ல தள்ளுபடி உண்டு, டீலர் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பார். அப்படி எடுத்தால் தயாரித்த மாதமும் வருடமும் பார்த்து எடுங்கள், நாளைக்கு விற்கப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

மின்மினி:
நான் செய்ததைச் சொல்கிறேன். மாடல், நிறம், வேரியன்ட் எல்லாம் முடிவு செய்துவிட்டு ஐந்து ஷோரூமுக்கு ஒரே மெயில்: வண்டி சாலைக்கு வரும் வரை எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, வரி வரியாகப் பிரித்து எழுதி அனுப்புங்கள். இரண்டு பேர் "நேரில் வாங்க பேசலாம்" என்றார்கள், அவர்களை விட்டுவிட்டேன். மூன்று பேர் அனுப்பியதில் குறைவானதை எடுத்தேன். வாசல் வரை நடக்கவே இல்லை.

பழைய_சேல்ஸ்:
அதுவும் பேரம்தான் மேடம். என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் பிடிக்காத பேரம், பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடுகிறது.

பின்சீட்டுக்காரன்:
சரி, பில்லை எடுத்து வைத்துப் பார்த்தேன். பதினான்கு வரி. "கையாளும் கட்டணம்" என்று ஒன்று, "அத்தியாவசியப் பொருட்கள் தொகுப்பு" என்று ஒன்று. தொகுப்பு என்றால் மிதியடியும் வாசனை டப்பாவும். இரண்டையும் கூட்டினால் எனக்குக் கிடைத்த தள்ளுபடியில் பாதிக்கு மேல் வருகிறது. தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. டெலிவரிக்குப் பத்து நாள் இருக்கிறது. பழைய வண்டியை அவர்களிடமே எக்ஸ்சேஞ்ச் கொடுப்பதாகப் பேச்சு, இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

கூட்டல்கழித்தல்:
போடாதீர்கள். முதலில் வெளியே இரண்டு இடத்தில் காட்டி விலை கேளுங்கள். "எக்ஸ்சேஞ்ச் போனஸ்" என்று தனியாக ஒன்று சொல்லியிருப்பார்களே, அதையும் வண்டிக்குப் போட்ட விலையையும் கூட்டிப் பார்த்து வெளி விலையோடு ஒப்பிடுங்கள்.

பின்சீட்டுக்காரன்:
போனஸ் சொன்னார்கள். வண்டி விலை எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லை. காலையில் போன் போடுகிறேன்.