அதாரிட்டி ஃபைல்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம்.

வேலூர்ப் பக்கம் ஊர்ப்புற நூலகர்களுக்குக் கோஹா என்னும் நூலக மென்பொருளைப் பழக்கிவருகிறேன். பார்கோடு, ஓபேக் (வாசகர் தேடும் கணினிப் பட்டியல்) எல்லாம் அப்படியே வாயில் ஏறிவிட்டன. ஒன்றுக்கே உள்ள பல பெயர் வடிவங்களை ஒரே வடிவத்தோடு இணைத்து வைக்கும் 'அதாரிட்டி ஃபைல்' மட்டும் இடிக்கிறது. கையேட்டில் 'அதிகாரக் கோப்பு' என்று போட்டிருந்தேன். "இது கலெக்டர் ஆபீசுக்குப் போற ஃபைலா சார்?" என்று ஓர் அம்மா கேட்டார். இன்னொருவர் திருக்குறள் அதிகாரம் என்றே நினைத்திருக்கிறார். தப்பு என்மேல்தான்.

வாலாஜாவை அடுத்த வேலத்துக்காரரான மு.வ.வையே எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் ஒரு தட்டுப் புத்தகங்களைப் பதிந்து முடித்தபோது மு.வ., டாக்டர் மு.வ., மு. வரதராசன், வரதராசனார், வரதராஜன் என ஐந்து ஆளாகிவிட்டார். 'வரதராஜன்' என்று தட்டினால் ஒரே புத்தகம். மற்றவை எதிரே தட்டில் சிரித்துக்கொண்டிருந்தன. அதாரிட்டிப் பதிவில் ஒரு வடிவத்தை, நூலகப் பதிவு முறையான மார்க் 21-இன் 100ஆம் புலத்தில் (கட்டத்தில்) நிறுத்தி, மற்றவற்றை 400இல் எழுதி, புத்தகப் பதிவுகளை அதனோடு இணைத்து, அவற்றையும் சேர்த்துத் தேடும் வசதியை இயக்கிவிட்டால் எப்படித் தட்டினாலும் எல்லாம் வரும்.

'சான்றுக் கோப்பு' சரிப்படுமா?

– காட்பாடி

> சான்றுக் கோப்பு

ஐயா, சான்று என்றதும் சாதிச் சான்றிதழ்தான் ஞாபகம் வரும். அட்டைப் பட்டியல் இருந்த நாள்களில் 'மு.வ. – காண்க: வரதராசன், மு.' என்று தனி அட்டை எழுதி, துளையில் கம்பி கோத்து இழுப்பறையில் வைப்போம். மை காய்வதற்குள் அடுத்த அட்டையை அடுக்கித் திட்டு வாங்கியதும் உண்டு. உங்கள் 400 அந்த அட்டைதான். வகுப்புக்கு வரும் மூத்தவர்கள் கையால் செய்த வேலை அது. புதிதாக ஒன்றும் கற்பிக்க வேண்டாம். ஆகவே 400இல் வருவது 'காண்க பெயர்'. 100இல் இருப்பது 'நிலைப்பெயர்'. மொத்தமும் 'பெயர்ப் பேரேடு'. கோப்பு என்றால் மேசை மேசையாக நகரும். பேரேடு ஒரே இடத்தில் இருக்கும், பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

– ஆரணி

> பெயர்ப் பேரேடு

அருமை அக்கா. ஆனால் பொருள்களுக்கும் இதே பாடுதானே? வேளாண் நூல்களில் நிலக்கடலை, சிலவற்றில் வேர்க்கடலை. நம் ஊர் விவசாயி வந்து கேட்பது மல்லாட்டை. அதற்கு 150, 450 என்று வேறு புலங்கள். அப்போது 'பெயர்' போதாது.

'தலைப்புப் பேரேடு' என்று வைத்துக்கொள்கிறேன். நிலைத்தலைப்பு, காண்க தலைப்பு இரண்டும் அதற்குள் அடங்கும். சனிக்கிழமை வகுப்பில் மு.வ.வுக்கு முன்னால் மல்லாட்டையை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

– காட்பாடி