ஏஸ் ஜோடியோடு தோற்பது: கெட்ட நேரமா, ஆட்டத்தில் ஓட்டையா?

புதுக்கை:
1/2 டாலர் (கட்டாயப் பந்தயம் 1, 2) ஹோல்டெம் போக்கர் மேசை, பை-இன் (மேசையில் உட்காரக் கட்டுற பணம்) 200 டாலர். ஏஸ் ஜோடியில் ஆல்-இன் (மொத்தக் காசும் பந்தயம்) போனா எதிராளியிடம் கிங் ஜோடி, ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) மூணாவது கிங். இன்னொரு கையில் எனக்கு டாப் பேர் (பொதுச் சீட்டில் பெரிய சீட்டோட ஜோடி), ரிவரில் எதிராளிக்கு ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் அஞ்சு சீட்டு). மொத்தம் ஆறு பை-இன் காலி. துரதிர்ஷ்டம் எது, என் தப்பு எதுன்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? தோத்ததும் தலை சூடாகுது, அதுக்கும் வழி சொல்லுங்க.

கணக்கன்:
ஏஸ்-கிங் மோதலில் உங்களுக்கு சுமார் 82%. 400 டாலர் பாட்டில் (நடுவில் சேர்ந்த பந்தயப் பணத்தில்) நியாயமான பங்கு 328, அதாவது ரேக் (ஆட்டம் நடத்துறவங்க எடுக்கிற பங்கு) போகுமுன் 128 லாபம் தர்ற முடிவு. நோட்டில் −200ன்னு எழுதினா பக்கத்திலேயே +128ன்னும் எழுதுங்க. ரெண்டாவது கையில் டர்ன்ல (ரிவருக்கு முந்தின பொதுச் சீட்டில்) எவ்வளவு பெட் போட்டீங்க?

புதுக்கை:
பாட் 40, நான் 10. ஓடிடக் கூடாதேன்னுதான்.

கணக்கன்:
ஓட்டை அங்கதான். அவன் 10 கட்டினா பாட் 60. 16.7% ஜெயிச்சாலே அவன் கைக்காசு போகாது. அவன் பார்க்காத 46 சீட்டில் 9 ஃப்ளஷ் தரும், 19.6%. லாபமான விலைக்கு நீங்களே சீட்டு வித்திருக்கீங்க. 30 போட்டிருந்தா அவனுக்கு 30% தேவை. அதுக்கும் கட்டி ரிவரில் அடிச்சான்னா, அதுதான் துரதிர்ஷ்டம். பொதுச் சீட்டில் ஒரே சின்னத்தில் மூணாவது சீட்டு விழுந்து அவன் பெரிசா பெட் பண்ணா டாப் பேரை மடக்கவும் தெரியணும்.

ரிவர்ராசா:
ஆறு பை-இன் வெச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க. 100 கைக்கு 5 பிக் பிளைண்ட் (பெரிய கட்டாயப் பந்தயம், இங்க 2 டாலர்) ஜெயிக்கிற ஆளுக்கே திட்ட விலக்கம் (முடிவு மேலும் கீழும் ஆடுற அளவு) 100 பிக் பிளைண்ட் பக்கம் இருக்கும். 10,000 கைக்கு எதிர்பார்ப்பு +500, விலக்கம் 1,000. அவர் நட்டத்தில் நிற்க வாய்ப்பு சுமார் 31%. நேரடி மேசையில் மணிக்கு 30 கை வந்தாலே அதிகம், அதனால 10,000 கை ஆட 330 மணி நேரத்துக்கு மேல ஆகும். 30 பை-இன், அதாவது 6,000 டாலர், வீட்டுப் பணத்தோடு கலக்காம இருந்தா இந்த மேசை தாங்கும். ஆன்லைனில் சின்ன மேசைக்கு இறங்கலாம்தான், ஆனா இந்தியாவில் இருக்கிறவங்களுக்கு 2025 சட்டப்படி பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டம் தடை.

மணிபர்ஸ்:
தலைச்சூட்டுக்கு: ரெண்டு பை-இன் போனா எழுந்திருங்க, ஏடிஎம் கார்டு வீட்டிலேயே இருக்கட்டும். பெரிய பாட் போனா அடுத்த ஒரு சுற்று ஆடாதீங்க. விட்டதைப் பிடிக்கணும்னு K9 (கிங், ஒன்பது) மாதிரி குப்பையோட ரெய்ஸ் பண்றது, ஜெயிச்ச ஆளையே குறிவெச்சுத் துரத்துறது, ரெண்டும் டில்ட்தான் (தலைச்சூட்டில் நிதானம் இழந்து ஆடுறது). சீட்டு வர்ற விதம் இதனால மாறாது, நீங்க மோசமா ஆடுற நேரம் குறையும். கடன் வாங்கி ஆடுற நிலைன்னா இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், ஆட்டத்தையே விடணும்.

கணக்கன்:
ஒண்ணு விட்டுப்போச்சு. ஏஸ் ஜோடிக்கு 4 டாலர்னு ரெய்ஸ் பண்ணி மேசையையே உள்ளே இழுக்காதீங்க. எந்தக் கையோடவும் வர்ற அஞ்சு பேருக்கு எதிரா அது ஜெயிக்கிறது சுமார் 49%தான். 1/2ல் 10 டாலருக்கு ரெய்ஸ் பண்ணுங்க, முன்னாடி கட்டின ஒவ்வொருத்தருக்கும் கூட 2.