புதுப்பிப்பு: 18 மிமீ லென்ஸோடு மூன்று மாதம்

ஃபியூஜி கேமராவுக்கான எக்ஸ்எஃப் 18 மிமீ எஃப்/2 லென்ஸ் (ஜூம் செய்ய முடியாதது) தெருப் படங்களுக்குச் சரிவருமா, கையில் இருக்கும் ஜூம் லென்ஸே போதுமா என்று ஜனவரியில் இங்கே கேட்டிருந்தேன். பாதிப் பேர் வாங்கச் சொன்னீர்கள், மீதிப் பேர் பார்வை ரொம்ப அகலம் என்று பயமுறுத்தினீர்கள். வாங்கிவிட்டேன். இரண்டு தரப்பும் சொன்னது சரிதான்.

எடை 116 கிராம். முன்பு ஜூமோடு மயிலாப்பூர் மாட வீதியில் நின்றால் பூ கட்டும் அக்கா "எந்த டிவி தம்பி?" என்பார், இப்போது நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

ஆனால் ஏபிஎஸ்-சி சென்சாரில் (பழைய 35 மிமீ ஃபிலிமைவிடச் சின்னது) இது ஃபிலிம் கேமராவின் 27 மிமீ லென்ஸ் அளவுக்கு அகலமான பார்வை, அதனால் முதல் இரண்டு வாரம் நான் எடுத்ததெல்லாம் ஆளைவிட ரோடுதான் அதிகம். ஒன்றரை மீட்டருக்குள் போனால்தான் படம் நிறைகிறது, எனக்கோ கூச்சம். அப்புறம் ஒருவர் இங்கே சொன்னபடி லென்ஸ் துளையைச் சின்னதாக்கி எஃப்/8, ஃபோகஸ் 2 மீட்டரில் கையால் நிறுத்தி, ஷட்டர் 1/250 நொடி என்று வைத்துக்கொண்டேன். சுமார் 1 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக விழுகிறது, ஃபோகஸுக்குக் காத்திருக்கும் அந்த அரை நொடித் தயக்கமே போய்விட்டது.

அறுபத்துமூவர் திருவிழா அன்று பின்னால் நகர ஓரடி இடமில்லாத கூட்டத்தில்தான் இதன் அருமை தெரிந்தது. என்ன, ஓரத்தில் நின்ற தாத்தாவின் தலை பூசணிக்காய் மாதிரி இழுபட்டுவிட்டது. முகங்களை நடுவாக்கில் வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஜூமை விற்கிறீர்களா என்று கேட்டவருக்கு: இப்போதைக்கு இல்லை. சப்பரத்தின் மேலிருக்கும் நாயன்மார் முகங்களுக்கு அதுதான் வேண்டும்.