பார்வையற்ற தம்பிக்கு பி.ஏ. சீட்: சேரும்போதே காலேஜில் என்னென்ன கேட்டு வாங்கணும்?

செய்யாற்றுக்காரி:

வணக்கம். தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. எட்டாவது வரைக்கும் பார்வையற்றோர் பள்ளி விடுதி, அப்புறம் எங்க ஊர் அரசுப் பள்ளி. பிளஸ் டூவில் நல்ல மார்க். சிறப்புப் பிரிவு கலந்தாய்வில் இரண்டு இடத்தில் பி.ஏ. வரலாறு, தமிழ் வழி கிடைக்கிற மாதிரி இருக்கு. ஒன்று வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். இன்னொன்று சென்னையில். அங்கே மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று தனி மையம், பிரெய்ல் பிரிண்டர் எல்லாம் இருக்காம். ஆனால் ஹாஸ்டலில்தான் தங்கணும். அப்பா பக்கத்திலேயே போடலாம் என்கிறார். தம்பி சென்னைதான் என்று ஒரே பிடி. வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தது நான் மட்டும்தான், அதுவும் பாலிடெக்னிக்.

பரீட்சையில் அவன் சொல்லச் சொல்ல எழுதுகிற ஸ்கிரைப்பை யார் ஏற்பாடு செய்வாங்க? ஸ்கூலில் தலைமையாசிரியரே பார்த்துக்கிட்டார். நோட்ஸ் எப்படிப் படிப்பான்? படித்தவர்கள், படிக்க வைத்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்க.

வெள்ளைக்கோல்:

சகோதரி, நானும் அதே கட்சி. முழுப் பார்வையின்மை, அதே பி.ஏ. வரலாறு, அதே தமிழ் வழி, சென்னையில். இப்போது வங்கி வேலை. இதையும் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் வைத்துத்தான் தட்டுகிறேன். ர, ற குழப்பம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அதன் குரலில் இரண்டும் ஒன்றுதான்.

முதல் விஷயம், மையம் இருக்கா என்று கேட்காதீர்கள். இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷத்தில் பார்வையற்ற பசங்க இருக்காங்களா, அவங்க நம்பர் கிடைக்குமா என்று கேளுங்கள். சென்னையில் லயோலாவில் இதற்கென்றே மையம் இருக்கிறது. மாநிலக் கல்லூரியில் காது கேளாதவர்களுக்குத் தனி பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் ஒரு மையம் உண்டு. நான் படித்தது இவற்றில் எதுவும் இல்லை. அங்கேயும் மையம் என்று போர்டு மாட்டிய ஓர் அறை இருந்தது. பிரெய்ல் பிரிண்டரும் இருந்தது, அதற்குப் போடுகிற தடித்த தாள்தான் இல்லை. சாவி ஒரு அலுவலக உதவியாளரிடம். அவருக்கு லீவு என்றால் மையத்துக்கும் லீவு.

எங்களைக் கரையேற்றியது சீனியர்கள். எந்தப் பேராசிரியர் வாயால் சொல்லிக்கொண்டே போர்டில் எழுதுவார், யார் "இதோ இங்கே, அதோ அங்கே" என்று கையைக் காட்டியே பாடம் நடத்துவார், எந்த மாடிப்படியில் கைப்பிடி கிடையாது, எல்லாம் அவர்கள் சொல்லித்தான் தெரியும். ஸ்கிரைப் நம்பர்களை மூன்றாம் வருஷக்காரர் முதல் வருஷக்காரருக்குக் குடும்பச் சொத்து மாதிரி எழுதிவைத்துவிட்டுப் போவார். சீனியர் இல்லாத கல்லூரியில் இதை எல்லாம் தம்பி தனியாளாக முட்டிமோதிக் கண்டுபிடிக்கணும்.

ஸ்கிரைப் விஷயத்துக்கு வருகிறேன். செமஸ்டர் பரீட்சைக்குப் பெரிய தகராறு இருக்காது, பழகிவிட்டார்கள். ரத்தக்கொதிப்பு வருவது கல்லூரிக்குள்ளேயே வைக்கிற இண்டர்னல் டெஸ்டில்தான். திங்கட்கிழமை டெஸ்ட் என்று வெள்ளிக்கிழமை மத்தியானம் சொல்வார்கள். எந்த ஸ்கிரைப் வருவார்? "நீ வாயால சொல்லு, நான் மார்க் போட்டுக்கிறேன்" என்பார் ஒருவர். "உனக்கு டெஸ்ட் வேண்டாம், பாஸ் மார்க் போட்டுடறேன்" என்பார் இன்னொருவர். இந்த இரண்டாவது ஆள்தான் ஆபத்து. நல்ல மனுஷராகவும் இருப்பார், மறுக்க வாய் வராது. நன்றாகப் படிக்கிற பையனும் கடைசியில் பாஸ் மார்க்கோடு நிற்பான்.

மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட தேர்வு வழிகாட்டுதலில் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிஷம் கூடுதல் என்று இருக்கிறது. மூன்று மணி நேரப் பரீட்சைக்கு முழுசாக ஒரு மணி நேரம். செமஸ்டரில் கொடுத்துவிடுவார்கள். ஒரு மணி நேர டெஸ்டில் அந்த 20 நிமிஷத்தைக் கேட்டால், அடுத்த பீரியட் ஆசிரியர் வாசலில் வந்து நிற்பார். அதனால் டெஸ்டைத் தனி அறையில் வைக்கச் சொல்லுங்கள். டெஸ்ட் தேதியை ஒரு வாரம் முன்னால் தம்பிக்குத் தெரிவிக்கணும் என்பதையும் சேர்த்து துறைத் தலைவரிடம் (எச்ஓடி) எழுத்தில் கொடுங்கள். நகலில் சீல் வாங்குங்கள். அடுத்த வருஷம் எச்ஓடி மாறிவிட்டால் வாய்வார்த்தை எல்லாம் அவரோடு போய்விடும்.

நோட்ஸ். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் நோட்டைப் போட்டோ எடுத்துப் போடுவார்கள். ஸ்கிரீன் ரீடர் அதை "இமேஜ்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். டைப் செய்து கொடுக்கிற பேராசிரியர்கள் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள், அதைப் படிக்கச் சொன்னால் சம்பந்தமில்லாத இங்கிலீஷ் எழுத்தாக உளறும். ஸ்கிரீன் ரீடருக்குப் புரிகிற யூனிகோட் எழுத்தில் வேண்டும் என்று முதல் வாரமே கேட்கணும். அச்சுப் புத்தகத்துக்கு ஒரு வழி: பக்கத்தைப் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறிவிடும். தமிழும் ஓரளவு நன்றாகவே வரும். அச்சுப் புத்தகம் படிக்க முடியாதவர்களுக்காக 2016-ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா ஆன்லைன் நூலகத்திலும் பதிவு செய்துவிடுங்கள். இங்கிலீஷ் புத்தகம் நிறைய, தமிழ் கம்மி.

"புத்தகத்தை ஸ்கேன் பண்ணினா காப்பிரைட் பிரச்சினை" என்று ஒரு நூலகர் கையை விரிப்பார். 2012-ல் காப்புரிமைச் சட்டத்தையே திருத்தி, மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்கான வடிவத்தில் மாற்ற அனுமதி கொடுத்தாகிவிட்டது. மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள்.

வகுப்பு தொடங்க எப்படியும் சில வாரம் இருக்கும். தம்பிக்கு என்விடிஏ என்கிற கம்ப்யூட்டர் ஸ்கிரீன் ரீடர் தெரியாவிட்டால் இப்போதே உட்கார வையுங்கள். இலவசம்தான். கூடவே தமிழ்99 விசைப்பலகைத் தட்டச்சு. மற்றதெல்லாம் அப்புறம் வரும்.

மதுராந்தகம் மணி:

எங்க மாமா பையனும் பார்வைக் குறைபாடுதான். மெட்ராஸ் ஹாஸ்டலில் சேர்த்தோம், பொங்கலுக்கு வந்தவன் திரும்பிப் போகவே இல்லை. இங்கே பக்கத்துக் காலேஜில் மறுபடி முதல் வருஷம் சேர்ந்து, கூடப் படிக்கிற ஊர்ப் பசங்களே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் முடிச்சான். டவுன் பஸ்ஸில் அவனுக்கும் டிக்கெட் இல்லை, துணைக்குப் போறவருக்கும் இல்லை. அப்பா சொல்றதையும் தள்ளிவிடாதீங்க.

கரும்பலகை:

நான் அரசுக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். வெள்ளைக்கோல் சொன்ன இண்டர்னல் கதை எங்கள் துறையிலும் நடப்பதுதான்.

தன்னாட்சிக் கல்லூரியா, பல்கலைக்கழகத்தின் கீழ் இணைவு பெற்றதா என்று முதலில் பாருங்கள். தன்னாட்சி என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் வளாகத்துக்குள்ளேயே இருக்கும், நேரில் போய்ப் பேசி முடிக்கலாம். இணைவுக் கல்லூரியில் செமஸ்டர் ஸ்கிரைப்புக்கு முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போக வேண்டும். தேர்வுக் கட்டணம் கட்டும்போதே மாற்றுத்திறனாளி அடையாள அட்டை (யுடிஐடி) நகலோடு கொடுத்துவிடுவது நல்லது. ஸ்கிரைப்பை நீங்களே அழைத்து வந்தால் அவர் தம்பியைவிட ஒரு படி குறைந்த படிப்பு உள்ளவராக இருக்க வேண்டும், அவருடைய மதிப்பெண் சான்றிதழையும் கேட்பார்கள்.

கடிதத்தில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 17 என்று ஒரு வரி சேருங்கள். கூடுதல் நேரமும் ஸ்கிரைப்பும் அதில் வெளிப்படையாகவே இருக்கின்றன. உதவி கேட்கும் கடிதத்தை மேசையில் ஓரமாக வைப்பவர்கள் பிரிவு எண்ணைப் பார்த்தால் கோப்பில் சேர்த்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. "இவன்தான் உனக்குத் துணை" என்று ஒரே மாணவனை நிரந்தரமாகப் பொறுப்பாக்க விடாதீர்கள். இரண்டே மாதத்தில் இருவருக்கும் சலிப்பு வந்துவிடும். எங்கள் வகுப்பில் யூனிட்டுக்கு ஒருவர் என்று பிரித்து, போனில் வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். வாசித்த பிள்ளைகளுக்கும் அந்த யூனிட் மனப்பாடம்.

ஸ்கிரைப் அம்மா:

கரும்பலகை சார் சொன்ன அந்த ஒரு படி குறைச்சல் நான்தான். பிளஸ் டூவோட கல்யாணம் பண்ணி வெச்சுட்டாங்க, அதனால டிகிரி பிள்ளைகளுக்கு எழுத லாயக்கானவளா இருக்கேன். வருஷக்கணக்கா எழுதறேன்.

எங்க பக்கத்துல இருந்து சொல்றேன் கண்ணு. பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னாடி ஸ்கிரைப்பைச் சந்திக்க விதியிலேயே இடம் இருக்கு, விட்டுடாதீங்க. தம்பி வேகமாப் பேசுவானா, மெதுவாப் பேசுவானான்னு எனக்குத் தெரியணும். வரலாறுன்னா பேருதான் கஷ்டம். "டல்ஹௌசி"ன்னு சொன்னா எனக்கு எழுத வராது, எழுத்தெழுத்தாச் சொல்லணும். முதல்ல கேள்வித்தாள் முழுசையும் ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லி, எந்த வரிசையில எழுதறதுன்னு அவன் முடிவு பண்ணட்டும். பத்தி மாறுதுன்னா "அடுத்த பத்தி"ன்னு சொல்லணும், இல்லாட்டி நான் ஒரே மூச்சா எழுதிட்டுப் போயிடுவேன். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா கடைசி வரியைப் படிச்சுக் காட்டச் சொல்லணும். சில ஸ்கிரைப் கை வலிச்சா சுருக்கிடுவாங்க, அது பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

மேப் கேள்வி வந்தா அதுக்குப் பதிலா எழுதற கேள்வி வேணும்னு முன்னாடியே எழுதிக் குடுத்துடுங்க. ஹால்ல போய்க் கேட்டா யாருக்கும் அதிகாரம் இருக்காது.

செய்யாற்றுக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று தம்பியைக் கூட்டிக்கிட்டு சென்னைக் கல்லூரிக்குப் போனேன். மையம் பூட்டியிருந்தது! ஆனால் வாட்ச்மேன் அண்ணன் சொல்லி, மூன்றாம் வருஷம் பொலிட்டிகல் சயின்ஸ் படிக்கிற பார்வையற்ற பையன் ஒருத்தரைப் பார்த்தோம். தம்பியும் அவரும் கேண்டீனில் பேச ஆரம்பிச்சு என்னை மறந்தே போயிட்டாங்க. பக்கத்துக் கல்லூரியில் விசாரிச்சதில் இப்போ அப்படி யாரும் படிக்கலை. அப்பாவை அநேகமா சரிக்கட்டிடலாம். மணி அண்ணன் சொன்ன ஹாஸ்டல் பயம் மட்டும் பாக்கி.

வெள்ளைக்கோல்:

மணி சொல்வதும் நடக்கிறதுதான். ஹாஸ்டலை விட்டு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் மாதத்தில்தான் ஓடுவார்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன்னாலேயே தம்பியைக் கூட்டிப் போய் அறையிலிருந்து பாத்ரூம், மெஸ், கேட், வகுப்பு, இந்த நாலு பாதையையும் கோலோடு அவனே நடக்கிற வரைக்கும் இருங்கள். நீங்கள் கையைப் பிடிக்காமல் பின்னால் நடங்கள். தரைத்தள அறை கேளுங்கள். கூடவே அந்த சீனியர் இருக்கிற பிளாக்கையே கேளுங்கள், வார்டன்கள் பொதுவாக இதற்கு மறுக்க மாட்டார்கள். அறைத் தோழனிடம், பொருளை இடம் மாற்றினால் சொல்லிவிடு, கதவைப் பாதி திறந்து வைக்காதே என்று சொன்னால் போதும். பாதி திறந்த கதவில் நெற்றி இடித்துக்கொள்ளாத ஆள் எங்களில் கிடையாது.

ரயில் டிக்கெட்டில் ஸ்லீப்பருக்கு 75 சதவீதச் சலுகை உண்டு, துணைக்கு வருகிறவருக்கும் சேர்த்து. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வாசிப்பாளர் (பாடத்தை வாசித்துக் காட்டுகிறவர்) உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டாச்சா? கல்லூரியில் படிப்புச் சான்றிதழ் வாங்கியதும் அதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.